பத்தொன்பது பச்சை டிக்

செயலியின் புதிய பதிப்புக்காகப் போடியில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். அந்த வருஷத்தில் அது நாலாவது பயிற்சி. ஒவ்வொரு தடவையும் பழைய செயலியை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும், கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், எழுந்து நின்று பேரும் பள்ளியும் சொல்ல வேண்டும், மத்தியானம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். இருபத்தாறு வருஷ வேலையில் பாடம் நடத்திய நேரத்தைவிட, பாடம் நடத்தியதாகப் பதிவு செய்த நேரம்தான் அதிகம் என்று நான் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை, எரிச்சல்தான் வரும்.

என் பெயர் ஜெஸ்ஸி. குரங்கணிக்கு மேலே ஜீப் பாதை முடிகிற இடத்தில், ஊத்துப்பாறை என்ற குடியிருப்பில் இருக்கும் தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியை. தலைமை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், விஜயராஜ் என்கிற இளம் ஆசிரியர், சத்துணவு சமைக்கிற முத்துப்பேச்சி, பத்தொன்பது பிள்ளைகள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்கள்.

பயிற்சி கொடுத்தவர் பிரேம்சிங். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து அவருக்குச் சொன்னதை எங்களுக்குச் சொல்வார், அவ்வளவுதான் அவர் வேலை.

"இனிமே வருகைப் பதிவேடு கிடையாது" என்றார். "பிள்ளை முகத்துக்கு நேரா போனைக் காட்டணும். முகத்தை அடையாளம் கண்டு பச்சை டிக் விழும். விழுந்த அடுத்த நிமிஷம் பெத்தவங்க போனுக்கு மெசேஜ் போயிரும். ஒன்பதரைக்குள்ள முடிக்கலேன்னா உங்க பள்ளிக்கூடத்துப் பேரு சிவப்புல வரும்."

நான் எழுந்தேன். "எங்க பள்ளிக்கூடத்துல சிக்னலே கிடையாது சார்."

"சிக்னல் இல்லாமப் போடுற வசதி அடுத்த அப்டேட்ல வருது மேடம்."

"அதுவரைக்கும் என்ன செய்ய?"

"அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஹாலில் இருந்தவர்கள் புதிய செயலியைப் போனில் ஏற்ற ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் சிவப்பு என்றால் என்னவென்று தெரியும். முதலில் விளக்கம் கேட்பார்கள். தொடர்ந்து சிவப்பாகவே இருந்தால், இந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளே வருவதில்லை போலிருக்கிறது என்று கீழே இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கீழே என்றால் ஏழு கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பாதையில் தினமும் இறங்கி ஏறாது. படிப்பை விட்டுவிடும்.

யோசனை என்னுடையதுதான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டினார்கள், அதில் உண்மையில்லை.

குரங்கணியிலிருந்து நாங்கள் ஏறிவருகிற ஜீப் பாதையில், பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் கீழேயிருந்து சிக்னல் எட்டும். ஒருநாள் காலை ஜீப்பை அங்கே நிறுத்தச் சொல்லி, செயலியைத் திறந்து, விஜயராஜின் போனில் இருந்த ஒரு பிள்ளையின் படத்துக்கு நேராக என் போனைக் காட்டினேன். பச்சை டிக் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரமே பத்தொன்பது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, போடியில் ஒரு ஸ்டுடியோவில் அச்சடித்து, மழைக்கு நனையாமல் லேமினேஷனும் செய்து வாங்கிவந்தேன்.

மூன்றாம் வகுப்பு அமுதவள்ளிக்கு மட்டும் அவள் படம் பிடிக்கவில்லை. "கண்ணு பாதி மூடியிருக்கு டீச்சர், வேற எடுங்க" என்று இரண்டு வாரம் நச்சரித்தாள். செயலி ஏற்றுக்கொண்டது, அதனால் நான் வேறு எடுக்கவில்லை. வாயாடி. இடதுகையால் எழுதுவாள், எழுதும்போது நாக்கு வெளியே இருக்கும். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

தினமும் எட்டே முக்கால் வாக்கில் வளைவில் ஜீப் நிற்கும். நான் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து இருக்கையில் வைத்து போனைக் காட்டுவேன். ஜீப் ஓட்டுகிற பாண்டித்துரை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "டீச்சரம்மா சீட்டுக்கட்டை எடுத்துட்டாக" என்பார். பத்தொன்பது பச்சை விழ ஆறு நிமிஷம். பிறகு பள்ளிக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது தாண்டியிருக்கும். வந்த பிள்ளைகள் வந்திருக்கும், வராதது வந்திருக்காது.

வராத பிள்ளையின் டிக்கை மறுநாள் திருத்தலாம், வழி இருக்கிறது. அதற்கு மேலே விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். முதல் வாரம் ஒழுங்காக எழுதினேன். 'தங்கள் பள்ளியில் திருத்தங்கள் அதிகமாக உள்ளன, விளக்கம் தருக' என்று வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் அடுத்த பயிற்சி வந்தபோது மலைப் பள்ளிக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஊத்துப்பாறை மட்டும் எப்படி நூற்றுக்கு நூறு பச்சை என்று கேட்டார்கள். நான் கைப்பையிலிருந்து படங்களை எடுத்துக் காட்டினேன். ஏழு பேர் கற்றுக்கொண்டார்கள். "டீச்சர் மூளையே மூளை" என்றார் ஒருவர். பிரேம்சிங் அந்தப் பக்கம் திரும்பி புரொஜெக்டர் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அமுதவள்ளியின் அம்மா ராக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருக்கிறது. ராக்குவின் வீடு ஓடையைத் தாண்டி, தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லைனில், ஒன்றரைக் கிலோமீட்டர். அவள் வேலை செய்கிற, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் இன்னும் மேலே. அங்கேயும் மேல் லைனிலும் கேரளாப் பக்கத்து டவர் கிடைக்கும். காலை ஆறரைக்கு அவள் வேலைக்குப் போய்விடுவாள். எட்டு வயதுப் பிள்ளை தானே தலை சீவி, தானே கதவைச் சாத்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எட்டரைக்குக் கிளம்பி வரும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது ராக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். மொத நா ஸ்டோரு மேஸ்திரிதான் வாசிச்சுச் சொன்னாரு. இப்ப வாசிக்கவே வேணாம். அந்நேரத்துக்கு இடுப்புல போனு சத்தம் போட்டா எம்புள்ள வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பெறகுதான் எனக்குச் சோலியே ஓடுது."

"எல்லாம் புது வசதி ராக்கு" என்றேன். அவள் கையை நான் உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க மேலே நல்ல மழை. போடியில் தூறல்தான், அதனால் விடுமுறை இல்லை. விஜயராஜை வேறொரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள், நான் மட்டும்தான் போனேன். வளைவில் நின்றபோது ஜீப்பின் தார்ப்பாய் வழியாகத் தண்ணீர் சொட்டியது. படங்களை மடியில் வைத்துத் துடைத்துத் துடைத்துக் காட்டினேன். அமுதவள்ளிக்கு டிக் விழுந்தது எட்டு நாற்பத்து நாலுக்கு. இந்த நேரம் எனக்குச் சாகிறவரை மறக்காது.

பள்ளியில் பதினோரு பிள்ளைகள். பள்ளிக்குப் பக்கத்து லைன் பிள்ளைகள் மட்டும் வந்திருந்தன. மேல் லைனிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. ஒன்பதரைக்கு எண்ணிப் பார்த்தேன். மழைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டன என்று நினைத்தேன். நான் நினைத்ததில் தப்பில்லை. மற்ற மேல் லைன் பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தன. அமுதவள்ளி மட்டும் பள்ளிக்கூடம் விட மனசில்லாமல், உரச்சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பியிருக்கிறாள்.

ராக்கு அன்று ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இல்லை. மழைக்குப் பள்ளியில் ஒதுங்கியிருக்கும் என்று இறங்கி வந்தாள். நான் நாலு பத்துக்கே பூட்டிவிட்டுப் போயிருந்தேன். பிறகுதான் ஆட்கள் தேடினார்கள். ஓடைக்குப் பக்கத்தில், பாதை சரிந்த இடத்துக்குக் கீழே, இரண்டாள் உயரப் பள்ளத்தில் கிடந்தாள். ஆறேகாலுக்குக் கண்டுபிடித்தார்கள். உயிர் இல்லை.

என்னைக் கீழே இறக்கிவிட்டு மேலே திரும்பியிருந்த பாண்டித்துரைதான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறக்கினார். சேதி கேட்டு நானும் ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கால் எலும்பு முறிஞ்சிருக்கு டீச்சரம்மா. வேற பெருசா அடி இல்ல. நகக்கண்ணு பூராம் மண்ணு. ஏறப் பாத்திருக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் தூக்கும்போதே உடம்பு வெறைச்சுப் போயிருந்துச்சு. இது சாயங்காலம் விழுந்தது இல்ல."

"பாண்டித்துரை…"

"நான் யார்ட்டயும் சொல்லல. காலையில நீங்க சீட்டைக் காட்டினதைப் பாத்துக்கிட்டு நானுந்தான நின்னேன்."

 அங்கே இருந்த படியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டரையிலிருந்து எவ்வளவு நேரம் அந்தப் பிள்ளை உயிரோடு கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரமோ, நாலு மணி நேரமோ. கூப்பிட்டிருக்கும். அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கும்.

செவ்வாயும் புதனும் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வந்ததா என்று கேட்டார். நான் போனை எடுத்துச் செயலியைத் திறந்து கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "வந்திருக்கு. அப்ப சாயங்காலம் திரும்பிப் போறப்ப விழுந்திருக்கு" என்று தானாகவே சொல்லிக்கொண்டு, திரையை ஒரு படம் எடுத்துக்கொண்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பிரேம்சிங் போன் செய்தார். "மேடம், ரெக்கார்டு சுத்தமா இருக்கு. நீங்களாப் பேசி எதையும் குழப்பிக்காதீங்க. நீங்க வாயைத் திறந்தா உங்களோட போகாது. அந்த ஏழு பேரையும் நினைச்சுப் பாருங்க. ஏழு பள்ளிக்கூடம்." கொஞ்சம் கெஞ்சலாகவே பேசினார். அவருக்கும் பயம்.

புதன்கிழமை காலை பிள்ளையைப் புதைத்தார்கள். நான் போய்த் தூரத்தில் நின்றேன். முத்துப்பேச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திங்கக்கெழம பதினோரு தட்டுத்தான் கழுவுனேன் டீச்சர். யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"யாரும் கேட்க மாட்டாங்க."

"கேட்டா?"

நான் குழியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நான் கோழை. அன்றைக்கு அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லி, பள்ளிச் சாவியையும் படக்கட்டையும் முதல் நாளே விஜயராஜிடம் கொடுத்திருந்தேன். நாள் முழுக்க வீட்டில் படுத்துக்கொண்டு ஒன்றையே யோசித்தேன். ராக்குவிடம் சொல்வதா, வேண்டாமா. சொன்னால் என் வேலை போகும். பள்ளிக்கூடமும் போகலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் பிள்ளை நாள் முழுக்கச் சிரித்து விளையாடிவிட்டு, வீட்டுக்குப் போகும்போது ஒரு நொடியில் விழுந்து போய்ச் சேர்ந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பிடுங்கிக்கொண்டு, உன் பிள்ளை மழையில் தனியாகக் கிடந்து செத்தது என்று எந்த வாயால் சொல்வது? இப்படி யோசித்து, சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று முடிவு செய்தேன். எனக்கும் அதுதான் நல்லது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது போல இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மேல் லைனுக்கு ஏறினேன். ஓடைப் பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். ராக்கு வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடனிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார்கள். நான் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்த முகம். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"டீச்சர், திங்கக்கெழம மத்தியானம் அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா ராக்கு."

"முட்டை போட்டீகளா அன்னைக்கு?"

"போட்டோம். மழைக்குப் பிள்ளைக கம்மி, அதனால அவளுக்கு ரெண்டு முட்டை."

"ரெண்டா?"

"ரெண்டு. மிளகுத்தூள் வேணும்னு கேட்டா. முத்துப்பேச்சி போட்டுக் குடுத்தா."

வாய் தானாக ஓடியது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னாள் என்றேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தாள் என்றேன். சாயங்காலம் போகும்போது எனக்கு டாட்டா காட்டினாள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பிள்ளை அன்றைக்கு வகுப்பில் இருந்தது போல ஆகிவிட்டது. ராக்கு நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நேத்தும் வந்துச்சு டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"நேத்துக் காலையில. எப்பவும் வர்ற நேரத்துக்கு. மேஸ்திரி மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். தங்கள் குழந்தை அமுதவள்ளி இன்று பள்ளிக்கு வருகை தந்துள்ளார்னு வாசிச்சுட்டு அந்தப் புள்ள அழுதுருச்சு. புதங்கெழமதான டீச்சர் அவளைப் பொதைச்சோம்."

விஜயராஜ். வளைவில் நின்று, கட்டைப் பிரித்து, எப்போதும் போலப் பத்தொன்பதையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு படத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எடுத்து வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லையே. அன்று காலை வளைவில் அவள் முகம் கைக்கு வந்தபோதுதான் எடுத்து வைத்தேன்.

"பேரு இன்னும் எடுக்காம இருக்கும் ராக்கு, மெஷின் தப்பு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் பொய் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு, படங்கள், ஆறு நிமிஷம், எட்டு நாற்பத்து நாலு. பிறகு இதையே போலீஸிலும் எழுதிக் கொடுத்தேன், வேலையில் இப்போது இல்லை. அது என் கதை, அதை விடுங்கள். அன்றைக்கு ராக்கு முன்னால் சொன்னதுதான் கஷ்டம்.

"அப்ப அவ பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்ல."

"வரல."

"முட்டை…"

"இல்ல ராக்கு. ஒண்ணுமே இல்ல."

"வரலேன்னு நீங்க எப்பப் பாத்தீக?"

"ஒன்பதரைக்கு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ வழி சொல்வது போல நிதானமாகப் பேசினாள்.

"பத்து மணிக்கு ஸ்டோர்ல எங்களுக்கு டீக்கு விடுவாக டீச்சர். போன வருசம் வரைக்கும் நான் டீ குடிக்க மாட்டேன். ஸ்டோருக்குப் பின்னாடி ஒரு மேடு இருக்கு. வெரசா ஏறி அங்ஙன நின்னா நேர் கீழ உங்க பள்ளிக்கூடத்து வாசல் தெரியும். அந்நேரம் புள்ளைகளை ஒண்ணுக்கு விடுவீக. இவ ஓடுறதைப் பாத்துட்டு எறங்கிருவேன். மழைக்கும் போவேன். ரெண்டு தடவை அவளைக் காணோம்னு சோலியைப் போட்டுட்டு ஓடியாந்திருக்கேன். ஒருக்கா காய்ச்சலா வீட்ல கெடந்தா. ஒருக்கா வழியில முள்ளுக் குத்தி ஓடைக்கிட்ட உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா, தூக்கிட்டு வந்தேன்."

நான் அவள் முன்னால் தரையில் கிடந்த போனைப் பார்த்தேன்.

"அந்த மெசேஜ் வர ஆரம்பிச்ச பெறகுதான் மேட்டுக்குப் போறதை விட்டேன். இனி எதுக்குப் போகணும்னு மேஸ்திரியும் சொன்னாரு." போனைத் தரையிலிருந்து எடுத்தாள், திரும்பவும் வைத்தாள். "திங்கக்கெழம பத்து மணிக்கு நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர்."